சொந்த ஊரிலிருந்து அலுவலக வேலை: பை கட்டும் முன் முடிக்க வேண்டியவை

ஒரு மாதம் ஊரில் இருந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், இணையத்தில் லேப்டாப்பும் பவர் பேங்கும் தேடுவது. அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அலுவலகத்துக்கு வெளியே வேலை பார்ப்பதில் கழுத்தறுப்பவை மூன்று: அனுமதி, நெட்வொர்க், மின்சாரம். இவை மூன்றும் நீங்கள் போகப் போகும் இடத்தைப் பொறுத்தவை. இடத்தைச் சோதிக்காமல் வாங்கும் பொருளில் பாதி பெட்டியிலேயே கிடக்கும்.

நான் தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னை அலுவலக வேலையைப் பார்த்தவன். பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். விலைகள் எல்லாம் உத்தேசமானவை. கடைக்குக் கடை மாறும்.

1. மூன்று வாரம் முன்னதாக: எழுத்தில் அனுமதி

மேலாளர் தொலைபேசியில் “தாராளமாகப் போய் வாருங்கள்” என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த முகவரியிலிருந்து, எந்தக் கணினியில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். மனிதவளப் பிரிவுக்கும் கணினிப் பிரிவுக்கும் நகல் போகட்டும்.

கணினி அலுவலகத்துடையது என்றால் வரிசை எண் குறிப்பிட்ட ஒப்படைப்புக் கடிதம் ஒன்றைக் கேளுங்கள். வழியில் யாராவது விசாரித்தாலும், திருடு போய் காவல் நிலையத்தில் புகார் எழுத வேண்டி வந்தாலும் அதுதான் கை கொடுக்கும். சொந்தக் கணினி என்றால் ஜிஎஸ்டி பில்லின் நகல் போதும். இரண்டையும் கைப்பேசியில் படமாக வைத்திருங்கள். கூடவே கணினியின் அடிப்பக்கத்தில் இருக்கும் வரிசை எண்ணையும் படம் எடுத்து, அதை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். கணினியோடு கைப்பேசியும் சேர்ந்து போய்விட்டால் படம் கைப்பேசிக்குள் மட்டும் இருந்து என்ன பயன்?

கணினிப் பிரிவிடம் தவறாமல் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, உங்கள் கடவுச்சொல் எப்போது காலாவதியாகிறது என்பது. பல அலுவலகங்களில் சில மாதங்களுக்கு ஒரு முறை அதை மாற்றியாக வேண்டும். ஊரில் இருக்கும்போது அது காலாவதியானால், விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும் பாதுகாப்பான இணைப்பு) உள்ளே விடாது. விபிஎன் இல்லாமல் கடவுச்சொல்லை மாற்றவும் முடியாது. இந்தச் சக்கரத்தில் மாட்டினால் ஒரு நாள் முழுசாகப் போகும். நாள் இருந்தாலும் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் கணினியில் உள்ள தகவலைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண். ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கணினி திடீரென நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அலுவலகக் கணினி என்றால் அந்த எண்ணைச் சொல்லக்கூடியவரின் தொலைபேசி எண் உங்களிடம் காகிதத்தில் இருக்க வேண்டும். சொந்தக் கணினி என்றால் எண்ணையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உள்நுழைவுக்கு இரண்டாம் உறுதி கேட்கும் செயலி உங்கள் கைப்பேசியில் இருக்கிறதே, அந்தக் கைப்பேசி அருவியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். வாங்கிப் பர்ஸில் வையுங்கள்.

நான்காவது, வாரண்டி. “வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம்” என்ற வாக்குறுதி எல்லா பின்கோடுக்கும் பொருந்தாது. ஊரின் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். அருகில் உள்ள சேவை மையம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. நெட்வொர்க்கை வீட்டுக்குள் நின்று அளந்து பாருங்கள்

“எங்கள் ஊரில் 5ஜி வந்துவிட்டது” என்று சொந்தக்காரர்கள் சொல்வதை மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் வரும் சிக்னலும் கனமான சுவர்களுக்கு நடுவே பட்டாசாலையில் வரும் சிக்னலும் ஒன்றல்ல. வார இறுதியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் ஊரில் இருக்கும் தம்பியையோ மாமா மகனையோ விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் போய், கைப்பேசி பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் (dBm) கணக்கில் வரும். அது எப்போதும் கழித்தல் எண். 4ஜியில் -90 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் நிம்மதி. -105 வரை சமாளிக்கலாம். -115ஐத் தாண்டினால் வீடியோ கூட்டத்தில் உங்கள் முகம் உறைந்து நிற்கும். ஒவ்வோர் அறையிலும் மாடியிலும் ஜன்னலோரத்திலும் இந்த எண்ணைக் குறித்துவிட்டால், மேசையை எங்கே போடுவது என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடும்.

வேகச் சோதனையைக் காலை, நண்பகல், இரவு எட்டு மணி என மூன்று நேரங்களில் செய்யுங்கள். அதிகாலையில் பறக்கும் இணைப்பு, ஊரே வீடியோ பார்க்கும் இரவில் தவழும். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். உங்கள் குரலையும் முகத்தையும் சுமந்து போவது பதிவேற்ற வேகம்தான். அது 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3 மெகாபிட்) இருந்தால் கூட்டங்களை ஓட்டிவிடலாம்.

இன்னொரு விசாரணையும் பாக்கி இருக்கிறது. ரீசார்ஜ் கடைக்காரரிடம் “கரண்ட் போனால் எந்த நெட்வொர்க் நிற்கிறது, எது போகிறது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவரளவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எந்த வாடிக்கையாளர் சேவை மையத்தாலும் முடியாது. இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருந்தால் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஒரே டவரில் இரண்டு நிறுவனங்களும் கருவிகளை மாட்டியிருப்பது சாதாரணம். அந்த டவரின் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறு வேறு டவர்களிலிருந்து வரும் இரண்டு சிம் இருந்தால்தான் அது மாற்று ஏற்பாடு.

3. சிம்: புதிதாக வாங்குங்கள், போர்ட் செய்யாதீர்கள்

ஊரில் நன்றாக எடுக்கும் நிறுவனம் வேறு என்று தெரிந்ததும் இருக்கிற எண்ணையே அந்த நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம், அதாவது போர்ட் செய்துவிடலாம் என்று தோன்றும். வங்கி ஓடிபி வரும் எண் அது. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் போர்ட் ஆக மூன்று வேலை நாள், வேறு வட்டம் என்றால் ஐந்து வேலை நாள் ஆகும். மாறும் வேளையில் சில மணி நேரம் சேவையும் இருக்காது. தவிர, திரும்ப மாற்ற வேண்டுமென்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும். இருப்பது இருக்கட்டும், புது சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் போதும், பெரும்பாலும் அன்றைக்கே இயங்கத் தொடங்கும்.

இ-சிம் வேண்டாம், அட்டை சிம்மாகவே கேளுங்கள். கைப்பேசி பழுதானால் வீட்டில் இருக்கும் பழைய கைப்பேசியில் அட்டையைக் கழற்றிப் போட்டு வேலையைத் தொடரலாம்.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது தினசரி வரம்பைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று உள்ள திட்டங்களில் வரம்பு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். அதில் மின்னஞ்சல் கூடத் திறக்காது. கேமராவைத் திறந்து வைத்த குழுக் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வரை சாப்பிடும். 2 ஜிபி திட்டம் மதியத்துக்குள் காலி. “அளவில்லா 5ஜி” என்ற விளம்பரத்தில் ஒரு கொக்கி உண்டு: உங்கள் கைப்பேசி 4ஜிக்கு இறங்கிய நிமிடத்திலிருந்து தினசரி வரம்பு ஓடத் தொடங்கும். 5ஜி விட்டு விட்டு வரும் வீட்டில் அந்தத் திட்டத்தால் பெரிய ஆதாயம் இல்லை.

4. பிராட்பேண்ட் தேவையா?

இரண்டு மாதத்துக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பது என் கருத்து. மாதத்துக்கு 400 முதல் 700 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் இணைப்புக் கட்டணம் இலவசம் என்றால் ஆறு மாத முன்பணம் கட்டச் சொல்வார்கள். “நாளைக்கே ஆள் வருவார்” என்ற வாக்கை நம்பிக் கூட்டங்களை ஏற்பாடு செய்துவிடாதீர்கள். எனக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் “நாளை” வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

நீண்ட நாள் தங்குபவர்கள் கிளம்பும் முன்பே விண்ணப்பியுங்கள். ஆதார், புகைப்படம், வீட்டு மின்கட்டண ரசீது கேட்பார்கள். வீடு அப்பா பெயரில் இருந்தால் இணைப்பையும் அவர் பெயரிலேயே எடுப்பது எளிது. ஓடிபி அவர் கைப்பேசிக்குப் போகும், அவர் வயலில் இல்லாத நேரமாகப் பாருங்கள். மோடத்துக்கு வைப்புத்தொகை வாங்கினால், திருப்பித் தரத்தக்கது என்று எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

5. மின்சாரம்: கணக்குப் போட்டால் பயம் போய்விடும்

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் “இன்று மின்தடை” என்ற தலைப்பில் ஊர்ப்பெயர்களோடு வரும். காலை 9 மணிக்குப் போனால் பிற்பகல் 2 மணிக்கு வரும், சில நாள் மாலை வரை நீளும். எந்தத் துணை மின் நிலையத்திலிருந்து உங்கள் தெருவுக்கு மின்சாரம் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அறிவிப்புகள் அந்தப் பெயரில்தான் இருக்கும். எதிர்பாராமல் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

இனி கணக்கு. சாதாரண அலுவலக வேலைக்கு ஒரு லேப்டாப் 10 முதல் 20 வாட் வரை இழுக்கும். 15 வாட் என்று கொண்டால் ஐந்து மணி நேரத்துக்கு 75 வாட் மணி. லேப்டாப்பின் சொந்த பேட்டரி 50 வாட் மணி இருக்கலாம். 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. வழியில் வெப்பமாகப் போவது போக கைக்கு வருவது 55 முதல் 60. ஆக, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பும் ஒரு நல்ல பவர் பேங்கும் இருந்தால் பராமரிப்பு நாளைத் தாண்டிவிடலாம். ஒரு ஆளின் கணினிக்காக மட்டும் இன்வெர்ட்டர் வாங்கத் தேவையில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மின்விசிறி வேண்டும் என்றால் அது வேறு கதை. அப்போது சைன் வேவ் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

பவர் பேங்க் வாங்கும்போது ஏமாறும் இடங்கள் சில. பெட்டியில் 65 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது எல்லாத் துளைகளும் சேர்ந்த மொத்தக் கணக்காக இருக்கலாம். ஒரே யுஎஸ்பி-சி துளையில் எத்தனை வாட், கைப்பேசியையும் சேர்த்துச் செருகினால் அது எத்தனையாக இறங்கும் என்று பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கேபிளிலும் இதே கதை. சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர் மட்டும் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று குறித்த கேபிளாக வாங்க வேண்டும், 500 முதல் 1,000 ரூபாய் ஆகும். வட்ட முனைச் சார்ஜர் உள்ள பழைய லேப்டாப் என்றால் இந்த ஏற்பாடே ஒத்துவராமல் போகலாம்; பவர் பேங்க் வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பின் சி துளை சார்ஜ் ஏற்றுமா என்று பாருங்கள்.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் 1,200 முதல் 2,000 ரூபாயில் கிடைக்கிறது. ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். 8,800 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பதைப் பார்த்து நாள் முழுவதும் ஓடும் என்று எண்ண வேண்டாம், அதுவும் 3.7 வோல்ட் கணக்குதான். 32 வாட் மணி சொச்சம், இரண்டரை மணி நேரம் ஓடினால் பெரிது. அதைவிட முக்கியம்: உங்கள் ரவுட்டர் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், இணையம் வராது. ஏனென்றால் கேபிள்காரர் தெருக்கோடி வீட்டில் வைத்திருக்கும் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பேட்டரி உண்டா என்று இணைப்பு எடுக்கும் முன்பே அவரிடம் கேளுங்கள்.

பழைய வீடுகளில் எர்த் சரிபார்ப்பது தனி வேலை. சார்ஜர் செருகியிருக்கும்போது உலோக உடல் லேப்டாப்பின் ஓரத்தில் மணிக்கட்டு பட்டால் எறும்பு ஊர்வது போல் ஒரு விறுவிறுப்பு இருக்கிறதா? எர்த் இல்லை, அல்லது இரண்டு முள் பிளக்கில் செருகியிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தின் மூன்று முள் பாயிண்டுக்கு எர்த் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பாயிண்டில் ஸ்பைக் கார்டு (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் பெட்டி) செருகினால் அது பாதி வேலைதான் செய்யும். கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் கம்பியையும் சேர்த்து.

6. பைக்குள் என்ன?

இப்போது கடைக்குப் போகலாம். 65 வாட் காலியம் நைட்ரைடு (GaN) சார்ஜர், 2,000 முதல் 3,500 வரை. லேப்டாப், கைப்பேசி இரண்டையும் பார்த்துக்கொள்ளும், பழைய செங்கல் அடாப்டரை வீட்டிலேயே விடலாம். மைக் உள்ள கம்பி ஹெட்செட் ஒன்று. ப்ளூடூத் அழகுதான், ஆனால் கம்பிக்குச் சார்ஜ் தீராது. பின்னணியில் சேவல் கூவுவதும் ஓரளவு அடங்கும். மடக்கும் தாங்கி, தனி கீபோர்டு, மவுஸ் மூன்றும் சேர்த்து 2,000 முதல் 3,000. இந்தச் செலவைத் தட்டிக் கழிக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் குனிந்து வேலை பார்த்தால் இரண்டாம் வாரம் கழுத்து பேசும்.

கையடக்க மானிட்டர் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை: எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. துளைக்கு அருகே டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் மாடல் பெயரைப் போட்டுத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். மின்தடை நேரத்தில் அந்த மானிட்டர் லேப்டாப் பேட்டரியிலிருந்தே குடிக்கும் என்பதையும் ஐந்தாம் படியின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆறு ஆம்பியர் மூன்று முள் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று, நல்ல நீளக் கம்பியோடு. ஊர் வீட்டில் பிளக் பாயிண்ட் எப்போதும் மேசைக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும்.

7. பயணம்

பொதிகை போன்ற இரவு ரயிலில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். தீ விபத்து அச்சத்தால் இரவு 11 முதல் அதிகாலை 5 வரை பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுகளை அணைத்துவிடுவார்கள். லேப்டாப் பை தலைமாட்டில் இருக்கட்டும், இருக்கைக்கு அடியில் வேண்டாம்.

தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ விமானத்தில் போவதாக இருந்தால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள். 100 வாட் மணி வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கூடவே கூடாது. திறன் அச்சு அழிந்துபோன பழைய பவர் பேங்கைக் கொண்டு போகாதீர்கள். சோதனை மேசையில் வாதாட அங்கே நேரம் இருக்காது.

குற்றாலச் சீசன் நாட்களில் வருகிறவர்களுக்குப் பைக்கு மழை உறை அவசியம். சாரல் நனைப்பது தெரியாமலே நனைத்துவிடும்.

8. முதல் நாள்

விடுமுறை நாளிலேயே போய்ச் சேர்ந்து அன்று எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டை வைஃபையில் கொடுப்பதைவிட யுஎஸ்பி கம்பி வழியாகக் கொடுப்பது நிலையாக இருக்கும், கைப்பேசிக்குச் சார்ஜும் ஏறும். கம்பி எட்டாத ஜன்னலில்தான் சிக்னல் என்றால் வைஃபையே கதி. கைப்பேசியை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

விண்டோஸில் அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு (Metered connection) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு அப்டேட் பின்னணியில் இறங்கி, முக்கியமான கூட்டத்துக்கு முன்பே தினசரி வரம்பைத் தின்றுவிடும். கோப்புகளை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் ஒன்டிரைவ் ஒத்திசைவையும் பகலில் நிறுத்தி வையுங்கள்.

விபிஎன் இணைந்துவிடுகிறது, ஆனால் பக்கங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன என்றால் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். கைப்பேசி நெட்வொர்க்கில் தரவுப் பொட்டலத்தின் அளவு ஒத்துப்போகாதபோது இப்படி ஆவதுண்டு. எம்டியு எனப்படும் அந்தப் பொட்டலத்தின் உச்ச அளவை 1,300 அளவுக்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லிக் கணினிப் பிரிவிடம் கேளுங்கள். என் தலைவலி அதில்தான் தீர்ந்தது.

வீட்டாருக்கு வேலை நேரத்தைச் சொல்லிவிடுங்கள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்பதுதான் ஊரின் முடிவு. “ஐந்து நிமிஷம், ரேஷன் கடை வரை போய்விட்டு வந்துவிடு” என்று அத்தை சொல்வதைத் தடுக்க எந்தக் கருவியும் கிடையாது. கதவில் தாழ்ப்பாள் உள்ள அறையைப் பிடியுங்கள்.

9. திரும்பும்போது

பிராட்பேண்ட் எடுத்திருந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் ரத்து கோருங்கள். மோடத்தை ஆள் வந்து எடுத்துப் போகும்போது, வரிசை எண் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்கிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மோடத்தைத் தரவில்லை என்று மாதங்கள் கழித்தும் தொலைபேசி வரலாம், அப்போது அந்தப் படம்தான் பேசும். ஊரிலேயே விட்டுப் போகும் பவர் பேங்கைப் பாதிச் சார்ஜில் வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். புது சிம்மை ஊரில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது உங்கள் ஆதாரில் இருக்கிறது. வேண்டாமென்றால் முறையாக ரத்து செய்துவிட்டு, உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.